மருத்துவர் பதில்கள்: ஆஞ்சியோ எப்போது அவசரம், எப்போது அவசரமில்லை?

சென்ற சில வாரங்களில் டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆஞ்சியோ, ஸ்டென்ட், பலூன் சிகிச்சை ஆகியவற்றைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இதய மருத்துவர் இங்கே விடையளிக்கிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 58. பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கும்போது இரண்டாவது சுற்றிலேயே நெஞ்சை அழுத்துகிறது, நின்றால் போய்விடுகிறது. டிரெட்மில் சோதனையில் மாறுதல் தெரிகிறது, ஆஞ்சியோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். இதயத்துக்குள் குழாய் விடுவார்கள் என்று கேட்டதிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் உறக்கமில்லை. ஆஞ்சியோ செய்துவிட்டால் அடைப்பு போய்விடுமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: போகாது. அடைப்பு இருக்கிறதா, இருந்தால் எந்த நாளத்தில், எவ்வளவு என்று படம் எடுத்துப் பார்ப்பது மட்டுமே ஆஞ்சியோகிராம். அடைப்பைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்னும் சிறு உலோக வலைக் குழாயை வைப்பது ஆஞ்சியோபிளாஸ்டி. இரண்டும் ஒரே மேசையில், ஒரே துளை வழியாக, அடுத்தடுத்து நடக்கக்கூடியவை என்பதால் பலரும் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். முதலாவதற்குச் சம்மதித்ததாலேயே இரண்டாவதற்கும் சம்மதித்ததாக ஆகிவிடாது. கையெழுத்துப் போடும் படிவத்தில் இரண்டும் சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றனவா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுத்து முடித்து, வெளியே வந்து, வீட்டாரோடு கலந்து பேசிய பிறகு முடிவு சொல்கிறேன் என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லலாம். நடக்கும்போது மட்டும் வலி வந்து நின்றதும் தணிந்துவிடுகிற உங்கள் நிலையில் அது முற்றிலும் நியாயமான கோரிக்கை.

இனி செய்முறையைச் சொல்கிறேன். கேத் லேப் எனப்படும் அறையில் எக்ஸ்ரே கருவியின் கீழ் படுக்க வைத்து, மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் பருமனுள்ள சிறு குழலை அங்குள்ள தமனியில் செருகுவார்கள். முழு மயக்கம் கொடுப்பதில்லை. நீங்கள் மருத்துவரோடு பேசிக்கொண்டே இருக்கலாம். அந்தக் குழல் வழியாக ஒரு மெல்லிய கம்பியும், கம்பியின் மேல் கதீட்டர் என்னும் நீண்ட குழாயும் கை வழியே தோளைக் கடந்து, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய நாளமான மகாதமனியின் தொடக்கம் வரை செல்கின்றன. இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் இடது, வலது கரோனரி நாளங்கள் அங்கிருந்துதான் பிரிகின்றன; அவற்றின் வாயில் கதீட்டரின் நுனியைப் பொருத்தி, அயோடின் கலந்த சாயத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, பல கோணங்களில் படம் எடுக்கிறார்கள். ஆகவே கரோனரி நாளங்களை மட்டும் பார்க்கும்போது குழாய் இதயத்தின் அறைகளுக்குள் போவதே இல்லை. அறைக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்க வேண்டியிருந்தால் மட்டுமே உள்ளே செலுத்துவார்கள். இரத்த நாளத்தின் உட்சுவரில் வலியை உணரும் நரம்புகள் இல்லாததால் குழாய் நகர்வது உங்களுக்குத் தெரியாது. சாயம் பாயும்போது உடம்பெல்லாம் சூடு பரவுவது போல் இருந்து சில நொடிகளில் அடங்கிவிடும். சிக்கல் ஏதுமில்லாதவருக்குப் படம் எடுக்கும் வேலை பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும்.

உங்கள் வீட்டாரின் அச்சம் புதியதன்று. 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரத்து மருத்துவமனையில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் இளம் மருத்துவர், இதயத்துக்குள் குழாய் போனால் உயிர் போய்விடும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், சிறுநீர்ப் பாதைக்குப் பயன்படும் ஒரு கதீட்டரைத் தம் முழங்கை மடிப்பிலுள்ள சிரை வழியாக 65 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தாமே செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய்ப் படம் எடுத்துக் காட்டினார். பாராட்டுக்குப் பதில் அவருக்கு அன்று ஏச்சுதான் கிடைத்தது. 1956இல் ஆந்த்ரே கூர்னான், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் ஆகியோரோடு நோபல் பரிசு கிடைத்தது. கரோனரி நாளத்துக்குள் நேரடியாகச் சாயம் செலுத்துவதும் ஒரு தற்செயலில் பிறந்ததே. 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் மேசன் சோன்ஸ் என்பவர் மகாதமனி வால்வைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது கதீட்டர் நழுவி வலது கரோனரி நாளத்துக்குள் புகுந்து, சாயம் முழுவதும் அங்கே பாய்ந்துவிட்டது. நோயாளியின் இதயம் சில நொடிகள் நின்று மீண்டும் துடித்தது. இன்றைய ஆஞ்சியோ அங்கிருந்து தொடங்கியது.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. துளையிட்ட இடத்தில் இரத்தக்கட்டு, சாயத்தால் ஒவ்வாமை, சிறுநீரகத்துக்குச் சுமை, மிக அரிதாகப் பக்கவாதம் அல்லது மாரடைப்பு ஆகியவை நேரலாம். திட்டமிட்டுச் செய்யப்படும் சோதனையில் பெரிய சிக்கல் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. உயிரிழப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று அல்லது அதற்கும் கீழ். ஆஞ்சியோ நாள் வரும்வரை மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ அந்த நாளுக்காகக் காத்திருக்கக்கூடாது. அது வேறு நிலை. அதைப் பற்றி வேதாரண்யம் வாசகருக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் அண்ணனுக்குத் தொடை வழியாகச் செய்தார்கள், எனக்குக் கை வழியாகச் செய்வதாகச் சொல்கிறார்கள். எது நல்லது?
— ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: இயலுமானால் கைதான். இரத்தக்கசிவு குறைவு, சில மணி நேரத்தில் எழுந்து நடக்கலாம். மணிக்கட்டுத் தமனி மிகச் சிறிதாக இருந்தாலும், வளைந்து நெளிந்து போனாலும், அந்தக் கையில் டயாலிசிஸுக்கான ஏற்பாடு தேவைப்படலாம் என்றாலும் தொடை வழியை நாடுவார்கள். அப்போது சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும்.

கேள்வி: என் கணவருக்கு இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிப்பு வரும். கடல் உணவு ஒத்துக்கொள்ளாதவருக்கு அயோடின் சாயம் ஆகாது, உயிருக்கே ஆபத்து என்று ஊரில் சொல்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். கிரியேட்டினின் 1.6 இருக்கிறது.
— ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: இறாலைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினைப் பற்றிக் கவலைப்படுங்கள். இறால், நண்டு ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றின் தசையிலுள்ள டிரோபோமயோசின் என்னும் புரதம். அயோடினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எந்த ஒவ்வாமை உள்ளவருக்கும் சாயத்தால் ஒவ்வாமை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். முன்பு எப்போதாவது சி.டி. ஸ்கேன் சாயத்துக்கே தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முன்கூட்டியே மருந்து கொடுத்துச் செய்ய வழியுண்டு.

சிறுநீரகம்தான் இங்கே முக்கியம். கிரியேட்டினின் 1.6 என்பது வயதையும் பாலினத்தையும் வைத்துக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் கணிசமாகக் குறைந்திருப்பதைக் காட்டக்கூடும். இத்தகையவருக்குச் சோதனைக்கு முன்னும் பின்னும் சிரை வழியாக உப்புநீர் ஏற்றி, சாயத்தை இயன்றவரை குறைத்துப் பயன்படுத்துவார்கள். மெட்ஃபார்மினைப் பொதுவாகச் சோதனையின்போது நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியேட்டினினைப் பார்த்த பிறகு மீண்டும் தொடங்கச் சொல்வார்கள். மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் போடும் வலி மாத்திரைகளை அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். வயல் வேலை செய்பவர்களிடம் இந்தப் பழக்கம் மிகுதி. நாள்முழுதும் வெயிலில் நின்று, போதிய தண்ணீர் குடிக்காமல், மாலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறவரின் சிறுநீரகம் சாயத்தைத் தாங்கும் நிலையில் இருப்பதில்லை.

கேள்வி: உப்பளத்தில் வேலை செய்யும் என் அப்பாவுக்கு வயது 61. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுவலி, வியர்வை. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தோம், அடங்கவில்லை. நான்கு மணிக்கு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இ.சி.ஜி. எடுத்து, மாரடைப்பு என்று சொல்லி, ஓர் ஊசி போட்டு, 108 வண்டியில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். மறுநாள் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால், ஊசி போட்டு நேரத்தை வீணாக்காமல் நேராகத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று உறவினர்கள் குறைசொல்கிறார்கள். அது சரியா?
— ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: உங்கள் உறவினர்கள் சொல்வது தவறு. அந்த ஊசியைப் போட்ட மருத்துவர் சரியானதைச் செய்திருக்கிறார். அதை இன்னொரு முறை நேரில் போய் அவரிடம் சொன்னால் மகிழ்வார்.

காரணத்தை விளக்குகிறேன். இ.சி.ஜி. கோட்டில் எஸ்.டி. எனப்படும் பகுதி உயர்ந்து தெரியும் மாரடைப்பில், கரோனரி நாளம் ஒன்று இரத்த உறைவால் முழுவதும் அடைபட்டிருக்கிறது. அந்த நேரத்திலிருந்து இதயத் தசை மடியத் தொடங்குகிறது. மடிந்த தசை மீண்டும் முளைப்பதில்லை. நாளத்தைத் திறக்க இரண்டு வழிகள் உள்ளன. கேத் லேபுக்குக் கொண்டுபோய்ப் பலூனால் உடனே திறப்பது ஒன்று. டெனெக்டிபிளேஸ், ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற உறைவு கரைக்கும் மருந்தை ஊசி வழியாகக் கொடுப்பது மற்றொன்று. மாரடைப்பு என்று கண்டறிந்த நேரத்திலிருந்து 120 நிமிடங்களுக்குள் கேத் லேப் மேசையில் நாளத்தைத் திறந்துவிட முடியுமானால் முதல் வழியே சிறந்தது. முடியாது என்று தோன்றினால், இருக்கும் இடத்திலேயே ஊசியைப் போட்டுவிட்டுப் பிறகு அனுப்ப வேண்டும். உலகெங்கும் இதய மருத்துவர்கள் பின்பற்றும் நெறி இதுவே.

வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாக இரவில் ஆம்புலன்ஸ் ஓடி, மருத்துவமனையில் சேர்த்து, கேத் லேப் குழு வந்து, மணிக்கட்டில் துளையிட்டு, கம்பியை அடைப்புக்குள் செலுத்தும் வரை எல்லாம் கூடி வந்தாலும் 120 நிமிடங்களுக்குள் முடிப்பது அரிது. அந்த ஊசியோ, வலி தொடங்கிய முதல் இரண்டு, மூன்று மணி நேரத்தில் கொடுக்கப்பட்டால்தான் சிறப்பாக வேலை செய்கிறது. நேரம் ஆக ஆக உறைவு இறுகிவிடும். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பொதுவாக அதைப் பயன்படுத்துவதில்லை. அண்மையில் பக்கவாதம் வந்தவர்கள், மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள், பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இந்த ஊசி ஆகாது. அவர்களை மட்டும் எவ்வளவு தூரமானாலும் நேரே கேத் லேபுக்கு அனுப்ப வேண்டும்.

ஊசி போட்டதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் மீண்டும் இ.சி.ஜி. எடுத்து, அந்த எஸ்.டி. உயர்வு பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இறங்கவில்லை, வலியும் தீரவில்லை என்றால் உறைவு கரையவில்லை என்று பொருள். அப்போது உடனடியாகப் பலூன் சிகிச்சை தேவை. இறங்கியிருந்தால் ஏறத்தாழ 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ எடுத்து, உள்ளே மிச்சமிருக்கும் அடைப்பைச் சரிசெய்வார்கள். இதனால்தான் ஊசி போட்ட கையோடு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். உங்கள் அப்பாவுக்கு நடந்தது இதுவே.

இந்த ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்த இடங்களில் நம் மாநிலமும் ஒன்று. கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனையை மையமாகவும் சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளை அதன் கிளைகளாகவும் வைத்து, தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்தி, 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இந்த முறை வருவதற்கு முன் ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 விழுக்காடு, வந்த பின் 14.2 விழுக்காடு. இதைத் தவிர, 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் வேளையாகக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தப்பட வைத்த வரி வேறு. இரண்டு மணிக்கு வலி. நான்கு மணிக்கு மருத்துவமனை. இடையே போன அந்த இரண்டு மணி நேரம்தான் வீணான நேரம். ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்துப் பார்க்கிற வழக்கம் நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நாற்பது வயதைக் கடந்தவருக்கு வியர்வையோடு நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி வந்தால், அது வாயு என்று தீர்மானிக்கும் உரிமை இ.சி.ஜி.க்கு மட்டுமே உண்டு. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி தெளிவாக இல்லாமல் மூச்சுமுட்டல், அசதி, வாந்தி என்று மட்டும் வரக்கூடும். நடவு வேலையில் களைத்துவிட்டாள் என்று அவர்களை வீட்டிலேயே படுக்க வைத்துவிடுகிறோம்.

கேள்வி: வயது 64. வேகமாக நடந்தால் எப்போதாவது லேசான நெஞ்சடைப்பு. ஆஞ்சியோவில் ஒரு நாளத்தில் 70 விழுக்காடு அடைப்பு என்றார்கள். மேசையில் படுத்திருக்கும்போதே, இப்போதே ஸ்டென்ட் வைக்காவிட்டால் எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் வெளியே நின்ற என் மகனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் யோசிக்க அவகாசம் கேட்டு என்னை அழைத்துவந்துவிட்டான். இரண்டு மா நிலத்தை விற்றுவிடலாமா என்று பேச்சு நடக்கிறது. தவறு செய்துவிட்டோமா?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: நீங்கள் தவறு செய்யவில்லை. நிலத்தை விற்கும் பேச்சை முதலில் நிறுத்துங்கள்.

உங்கள் நிலையும் வேதாரண்யத்துப் பெரியவரின் நிலையும் வேறு வேறு. அவருக்கு நாளம் திடீரென முழுவதும் மூடிக்கொண்டது, நிமிடங்கள் கணக்கு. உங்களுக்கு ஆண்டுக்கணக்கில் மெல்லப் படிந்த அடைப்பு. உழைப்புக் கூடும்போது மட்டும் இரத்தம் போதாமல் போகிறது. இப்படி நிலையாக இருப்பவர்களில், சோதனைகளில் இரத்தக்குறைவு மிதமாகவோ கடுமையாகவோ தெரிந்த 5,179 பேரை இந்தியா உட்பட 37 நாடுகளில் சேர்த்து நடத்திய இஸ்கீமியா என்னும் ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. நல்ல மருந்துகளோடு ஆஞ்சியோவும் ஸ்டென்ட் அல்லது பைபாஸும் செய்துகொண்ட குழுவுக்கும், மருந்துகளை மட்டும் கொண்டு தொடங்கிய குழுவுக்கும், மூன்றாண்டுகளுக்குச் சற்று மேலான கண்காணிப்பில் இறப்பிலோ மாரடைப்பிலோ கணக்கில் கொள்ளத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நெஞ்சுவலி அடிக்கடி வந்தவர்களுக்கு மட்டும் முதல் குழுவில் வலி நன்றாகக் குறைந்தது. ஆகவே உங்களைப் போன்றவருக்கு ஸ்டென்ட் என்பது வலியைக் குறைப்பதற்கான வழி. மாத்திரைகளைச் சரியான அளவில் சாப்பிட்டும் வலி அடங்கவில்லை என்றால் வைத்துக்கொள்ளலாம். நல்ல பலன் தரும். “எந்த நேரமும் எதுவும் நடக்கலாம்” என்னும் அச்சுறுத்தலுக்கு உங்கள் விவரங்களில் ஆதாரமில்லை.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றை மறைத்தால் நான் உங்களுக்குத் தீங்கு செய்தவனாவேன். இடது கரோனரி நாளத்தின் அடித்தண்டிலேயே அடைப்பு இருந்தால் மேற்கண்ட ஆய்வு பொருந்தாது. அத்தகையவர்களை அதில் சேர்க்கவே இல்லை. இதயத்தின் சுருங்கும் திறன் மிகவும் குறைந்திருந்தாலும், சில நாட்களாக வலி அடிக்கடி வந்தாலும், ஓய்விலும் வந்தாலும் காத்திருக்கக்கூடாது. சர்க்கரை நோயும் மூன்று நாளங்களிலும் அடைப்பும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் ஸ்டென்டுகளைவிட பைபாஸ் அறுவையே நீண்ட கால நோக்கில் நல்லது என்று 2012இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வு காட்டியது. அப்படிப்பட்டவருக்கு மேசையிலேயே மூன்று, நான்கு ஸ்டென்டுகளை வரிசையாக வைப்பதை நான் ஏற்பதில்லை. இதய அறுவை மருத்துவரையும் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

70 விழுக்காடு என்பதும் கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடுதான். அதே படத்தை இன்னொருவர் 60 என்பார். ஐயமிருந்தால் அழுத்தமானி பொருத்திய மிக மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி அளந்துவிடலாம். மதகுக்கு மேற்புறம் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, கீழ்ப்புறம் எவ்வளவு போகிறது என்று பார்த்து மதகு எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்று நம் நீர்ப்பாசன ஊழியர் சொல்வதில்லையா, அதுபோலத்தான். அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தம் முன்னே உள்ளதில் 0.80 பங்குக்கு மேல் இருந்தால் அந்த அடைப்பைத் தொடாமல் விடுவதே வழக்கம். எஃப்.எஃப்.ஆர். என்று கேட்டால் மருத்துவர்களுக்குப் புரியும்.

செய்ய வேண்டியது இதுதான்: ஆஞ்சியோ பதிவான குறுந்தகட்டைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உடைமை. அச்சிட்ட அறிக்கை மட்டும் போதாது. அந்தத் தகடு, எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) அறிக்கை, டிரெட்மில் தாள் ஆகியவற்றோடு வேறொரு இதய மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்கலாம். ஸ்டென்ட் தேவை என்றே முடிவானாலும் செலவைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து தடவிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய், சாதாரண உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய் என்று வரியில்லாமல் உச்சவரம்பு விதித்தது; பிறகு மொத்த விலைக் குறியீட்டுக்கேற்ப அது திருத்தப்பட்டுவருகிறது. உச்சவரம்பு ஸ்டென்டுக்கு மட்டுமே. அறை வாடகை, பலூன், கம்பி, மருத்துவர் கட்டணம் ஆகியவை அதில் அடங்கா. எனவே விலைப்பட்டியலில் ஸ்டென்டின் பெயரும் விலையும் தனியே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், அரசு மருத்துவமனையிலும் அத்திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் கட்டணமின்றிச் செய்துகொள்ள முடியும். குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்றும் வேண்டும். அவசரம் வருவதற்கு முன்பே அட்டையைப் பெற்று வைத்திருங்கள்.

கேள்வி: குழாய் விடாமல் சி.டி. ஆஞ்சியோ எடுத்துக்கொண்டால் போதாதா?
— ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: அடைப்பு இருக்க வாய்ப்புக் குறைவு அல்லது நடுத்தரம் என்று மருத்துவர் கருதுகிறவருக்குப் போதும். அதில் நாளங்கள் சுத்தமாகத் தெரிந்தால் கவலையை விடலாம். நாளங்களில் சுண்ணாம்பு மிகுதியாகப் படிந்திருந்தாலும், ஏற்கெனவே சிறிய ஸ்டென்ட் இருந்தாலும், இதயத் துடிப்பு வேகமாகவோ சீரில்லாமலோ இருந்தாலும் படம் தெளிவாக வராது. சி.டி.யிலும் அதே அயோடின் சாயம்தான் என்பதால் சிறுநீரகம் தப்பிக்கும் என்று எண்ண வேண்டாம். வலி தெளிவாக இருந்து, டிரெட்மில் சோதனையும் மாறுதல் காட்டிய கும்பகோணத்து வாசகர் போன்றவருக்கு நேரடியாகக் குழாய்ச் சோதனையே பொருத்தம், சி.டி. எடுத்தாலும் பிறகு இதற்கு வர வேண்டியிருக்கும்.

கேள்வி: என் மகளுக்கு வயது 24, ஐந்து மாதக் கர்ப்பம். சில வாரங்களாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது. எக்கோவில் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது என்றார்கள். சிறுவயதில் அவளுக்கு மூட்டுவீக்கத்தோடு காய்ச்சல் வந்தது உண்டு. கர்ப்பத்திலேயே பலூன் வைத்து விரிக்கலாம் என்கிறார்கள். குழந்தைக்கு ஆபத்தாகாதா? கலைத்துவிடலாமா என்று சம்பந்தி வீட்டில் கேட்கிறார்கள்.
— ஒரு தாய், திருத்துறைப்பூண்டி

பதில்: அம்மா, அவசரப்பட்டுக் கலைக்கும் முடிவுக்குப் போக வேண்டாம். உங்கள் மகளுக்கு வந்தது பெரும்பாலும் வாதக் காய்ச்சலின் பின்விளைவு. தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடல் காட்டும் எதிர்ப்பு, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வையும் தாக்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் இதழ்களை ஒட்டவைத்துவிடுகிறது. கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு கூடுகிறது, துடிப்பும் வேகமாகிறது. சுருங்கிய வால்வு அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் நுரையீரலில் நீர் தேங்குவதால்தான் இதுவரை ஓடியாடிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது மூச்சுமுட்டல்.

முதலில் ஓய்வு, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, நீர் பிரிக்கும் மாத்திரை ஆகியவற்றைக் கொடுத்துப் பார்ப்பார்கள். அவற்றால் அடங்கினால் பிரசவம் வரை காத்திருக்கலாம். அடங்காவிட்டால் பலூன் சிகிச்சை. தொடையிலுள்ள சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி, இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் சிறு துளையிட்டு, வால்வுக்குள் பலூனை நிறுத்தி விரித்து, ஒட்டிய இதழ்களைப் பிரிக்கிறார்கள். ஜப்பானைச் சேர்ந்த கான்ஜி இனோவே 1984இல் வெளியிட்ட இந்த முறை, வாதக் காய்ச்சல் மிகுந்த நம் நாட்டில் பெரிய அறுவையிலிருந்து காப்பாற்றிய இளம்பெண்கள் ஏராளம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் மனநிறைவு தரும் சிகிச்சையும் இதுவே. பலூன் விரிந்த சில நொடிகளில் மேலறை அழுத்தம் இறங்குவதைத் திரையில் பார்க்கலாம்.

குழந்தையின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்கள் உங்கள் மகளுக்குக் கடந்துவிட்டன. தாயின் வயிற்றை ஈயத் தகட்டு உறையால் மூடி, எக்ஸ்ரேயை மிகக் குறைந்த நேரமே பயன்படுத்துவார்கள். குழந்தைக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு மிகச் சொற்பம். மூச்சுமுட்டலோடு பிரசவ வலி வந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் வரும் ஆபத்து இதைவிடப் பல மடங்கு பெரிது. மேலறையில் இரத்த உறைவு இருக்கிறதா, வால்வில் கசிவு மிகுதியா, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று எக்கோவில் பார்த்த பிறகே பலூன் பொருந்துமா என்று முடிவு செய்வார்கள். இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருக்கும் மருத்துவமனையில் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். மூன்று வாரத்துக்கொருமுறை பென்சிலின் ஊசி போடச் சொல்லியிருந்தால் அதைக் கர்ப்பத்திலும் தொடரலாம். பிரசவத்துக்குப் பிறகும் நிறுத்தக்கூடாது.

கேள்வி: வயது 46. தென்னை மரம் ஏறித் தேங்காய் பறிக்கும் தொழில். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து நான்கு மாதமாகிறது. பல் பிடுங்க வேண்டும். இரத்தம் நிற்காது என்பதால் ஐந்து நாளைக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார் பல் மருத்துவர். நெஞ்செரிச்சலுக்கு ஓமிப்ரசோல் வாங்கிப் போடுகிறேன். பீடியை விட்டுவிட்டேன், வெற்றிலையோடு புகையிலை மட்டும் போடுகிறேன். மறுபடி மரம் ஏறலாமா?
— ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: மாத்திரையை நிறுத்தக்கூடாது. பல்லை மாத்திரையோடேயே பிடுங்கலாம்.

1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் ஆந்த்ரேயாஸ் க்ரூன்ட்ஸிக் முதன்முதலாகக் கரோனரி அடைப்பைப் பலூனால் விரித்தபோது ஸ்டென்ட் கிடையாது. விரித்த நாளம் பலருக்குச் சில மாதங்களில் மீண்டும் சுருங்கியதால் 1986இல் உலோக வலை வந்தது. வலைக்குள் தசை வளர்ந்து மறுபடி அடைத்ததால், அந்த வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைத் தடவிய ஸ்டென்ட் 2002, 2003 வாக்கில் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த மருந்தே உலோகத்தின் மேல் நாளத்தின் உட்தோல் மூடுவதையும் தாமதப்படுத்துகிறது. உட்தோல் மூடும்வரை உலோகத்தின் மேல் இரத்தம் உறையாமல் காப்பது நீங்கள் சாப்பிடும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும்தான். அவற்றை நடுவில் நிறுத்தியதால் ஸ்டென்ட் முழுவதும் அடைபட்டு, முன்னைவிடப் பெரிய மாரடைப்போடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரையும் காப்பாற்ற முடிந்ததில்லை. மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவருக்கு இரண்டு மாத்திரைகளும் பொதுவாகப் பன்னிரண்டு மாதம். அதன் பிறகும் ஆஸ்பிரின் தொடரும்.

பல் மருத்துவரிடம் ஸ்டென்ட் விவர அட்டையைக் காட்டி, உங்கள் இதய மருத்துவரோடு தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பல், தையல், பஞ்சை நெடுநேரம் கடித்திருத்தல், இரத்தம் கட்டும் மருந்தால் வாய் கொப்பளித்தல் ஆகியவற்றால் கசிவைச் சமாளிக்க முடியும். ஓமிப்ரசோல் குளோபிடோகிரலின் வேலையைக் குறைக்கக்கூடியது. அதற்குப் பதில் பான்டோபிரசோல் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயில் அடக்கும் புகையிலையும் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுவதுதான். பீடியை விட்ட உங்களால் அதையும் விட முடியும். வெறும் வெற்றிலை, பாக்கைக்கூடக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மரம் ஏறுவதற்கு எக்கோவில் இதயத்தின் சுருங்கும் திறனையும், டிரெட்மில்லில் எவ்வளவு உழைப்பைத் தாங்குகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டும் நன்றாக இருந்தாலும், இரண்டு மாத்திரைகள் சாப்பிடும் காலத்தில் மரத்திலிருந்து விழுந்தால் தலைக்குள் கசியும் இரத்தத்தை நிறுத்துவது கடினம். எனவே மீதமுள்ள எட்டு மாதங்களுக்குக் கீழே நின்று உரிக்கும் வேலையையோ, நீண்ட கழியில் அரிவாள் கட்டிக் குட்டை மரங்களில் பறிப்பதையோ பாருங்கள். அதற்குப் பிறகு இடுப்புக் கயிற்றோடு கூடிய மரமேறும் கருவியில் ஏறலாமா என்பதை, அந்த இரண்டு சோதனைகளின் முடிவுகளோடு வந்தால் சொல்ல முடியும்.